வாரத்துக்கு ஒன்று

அளவு ஜாக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு சௌந்திரம் ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

"இது போன வருசம் தெச்சதுங்களே அக்கா. இப்ப கொஞ்சம் சதை போட்டிருக்கீங்க. ஒருக்கா அளவு எடுத்துக்கறேன்" என்று கௌசியா டேப்பைக் கையில் எடுத்தாள்.

"வேண்டாஞ் சாமி. அக்குள்ள மட்டும் ஒரு அரை இஞ்சு லூசு உட்டுரு, போதும்."

கௌசியா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவளுடைய முழங்கைகளிலும் விரல் முட்டிகளிலும் சிவந்து தடித்த திட்டுகள் இருந்தன, மேலே வெள்ளைச் செதிலோடு. சொரியாசிஸ். சாதியாவுக்கு, அதாவது அவள் நாத்தனாருக்கு, சடங்கு சுற்றிய வருடம் வந்தது. இப்போது சாதியா கல்லூரி முடித்துவிட்டாள், இது இன்னும் முடியவில்லை. தொற்றாது என்று சொல்லிச் சொல்லி அவள் வாய் ஓய்ந்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டையில் அவளைப் போல ஜாக்கெட் தைக்க ஆள் கிடையாது என்பதால் வாடிக்கையாளர்கள் வராமல் இருப்பதில்லை. அளவு ஜாக்கெட்டோடு வருகிறார்கள், அவ்வளவுதான்.

போகிறவள் சும்மா போனாளா? படியிறங்குமுன் திரும்பி, "நீ பர்தாவுக்குள்ளயே இருக்கற பாரு கண்ணு, மேல வெயிலே படறதில்ல. அதான் இப்புடி. காத்தால மொட்டை மாடில நின்னீன்னா எல்லாஞ் செரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கௌசியா அளவு ஜாக்கெட்டை எடுத்து மடித்தாள். மொட்டை மாடியில் துணி காயப்போடுவது யார், இந்தச் சௌந்திரத்தின் மாமனாரா? சேலை கட்டிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைச் சந்தெல்லாம் சுற்றும் தெருக்கோடி அத்தாயிக்கும்தான் இதே வியாதி இருக்கிறது. அவளிடம் யார் என்ன சொல்கிறார்கள்? கௌசியாவிடம் கத்தரிக்காய் சாப்பிடாதே என்றார்கள், மீன் சாப்பிடாதே என்றார்கள். ஒருத்தர் வெட்பாலை எண்ணெய் கொடுத்தார். தலையணை உறையெல்லாம் ஊதா நிறமானதுதான் மிச்சம். வியாதியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. இந்த வைத்தியர்களைத்தான் தாங்க முடியவில்லை.

உண்மையான வைத்தியர் அஸ்தம்பட்டியில் இருந்தார். டாக்டர் மலர்விழி, தோல் நிபுணர். அந்தத் தை மாதம் கௌசியாவும் அவள் கணவன் தௌசீப்பும் போனபோது, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

"உங்களுக்கு வைட்டமின் டி குறைவா இருக்கு. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு அப்படித்தான். ஒரு பொடி பாக்கெட் எழுதறேன். வாரத்துக்கு ஒண்ணு, எட்டு வாரம். அதுக்கப்பறம் நிறுத்திரணும். இது அந்தக் குறைவுக்குத்தான். இதைச் சாப்பிட்டா சொரியாசிஸ் போயிரும்னு நினைச்சுக்காதீங்க. அதுக்கு இந்த ஆயின்ட்மென்ட். காலையும் ராத்திரியும் விடாம போடணும்."

"ஆயின்ட்மென்ட்ல என்னங்க டாக்டர் இருக்கு?" என்று தௌசீப் கேட்டான்.

"அதுவும் ஒரு வகை வைட்டமின் டி-தான். தோலுக்குன்னு மாத்திச் செஞ்சது."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் கெட்டது.

தௌசீப்புக்கு செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகைக் கடை. மத்தியான வேளையில் வியாபாரம் படுத்துவிடும். அப்போது அவன் பருப்பு மூட்டைமேல் சாய்ந்து கைபேசியில் வீடியோ பார்ப்பான். அன்றிலிருந்து அவன் பார்த்ததெல்லாம் வைட்டமின் டி வீடியோக்கள். ஏதோ ஒரு நாட்டில் ஒரு டாக்டர் நோயாளிகளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தாராம், தோல் குழந்தைத் தோல் மாதிரி ஆகிவிட்டதாம். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் அவன் கௌசியாவுக்கு வகுப்பு எடுத்தான்.

"பூசற மருந்தே அதுதான்னு அந்தம்மாவே சொல்லிருச்சுல்ல? வெளிய பூசறதுக்கே கேக்குதுன்னா உள்ள சாப்பிட்டா எவ்வளவு கேக்கும்? வாரத்துக்கு ஒண்ணுன்னா எந்த மூலைக்குக் காணும்? தினம் ஒண்ணு போடணும் கௌசி."

"கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊத்தறாங்க. அதை டம்ளர்ல ஊத்திக் குடிப்பீங்களா?"

"நான் என்ன சொல்றேன், நீ என்ன பேசற."

"டாக்டர் வாரத்துக்கு ஒண்ணுன்னாங்க. நான் வாரத்துக்கு ஒண்ணுதாங்க சாப்பிடுவேன். சோத்தைத் தின்னுட்டு எந்திரிங்க."

ஒரு வாரம் இந்தச் சண்டை நடந்தது. பிறகு தௌசீப் திடீரென்று அந்தப் பேச்சை விட்டுவிட்டான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் எந்த வாக்குவாதத்தையும் பாதியில் விட்டதில்லை. அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நிம்மதியாக இருந்ததே என்று விட்டுவிட்டாள்.

அதோடு, வீட்டில் வேறு சில நல்ல மாற்றங்கள் நடந்தன. காலையில் கடைக்குப் போகுமுன் தௌசீப் தன் கையாலேயே சாத்துக்குடி பிழிந்து அவளுக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தான். அதைவிட ஆச்சரியம் மாமியார் வஹீதுன்னிசா. ராத்திரி இஷா தொழுகை முடித்துவிட்டு ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி ஆற்றி எடுத்துக்கொண்டு, முட்டி வலியோடு மாடிப்படி ஏறி, தையல் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

"நாள் பூரா குனிஞ்சே உக்காந்திருக்கே. குடிம்மா."

கௌசியா மெஷினை நிறுத்திவிட்டுக் குடித்தாள், மாமியைப் பார்த்துச் சிரித்தாள். மாமி கெட்டவர் இல்லை. ஆனால் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு என்று எதையும் தனியாகச் செய்தவரும் இல்லை. விரல்களில் திட்டு வந்த பிறகு, அவள் பிசைந்த மாவைப் பார்த்து ஒரு கணம் தயங்குவார், அப்புறம் சாப்பிட்டுவிடுவார். அந்த ஒரு கணத்தை கௌசியா ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறாள். இப்போது அதே மாமி பால் ஆற்றிக்கொண்டு வருகிறார். பாலில் ஏதோ ஒரு வாசனையான தித்திப்பு இருந்தது. பனங்கற்கண்டு போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். தன் அம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தாள். எட்டு வாரம் முடிந்ததும், சொன்னபடி நிறுத்தினாள். ஆயின்ட்மென்டை ஒரு வேளை விடாமல் பூசினாள். விரல்களில் சிவப்பு கொஞ்சம் குறைந்தது. முழங்கை அப்படியேதான் இருந்தது.

பங்குனி கடைசியில் அவளுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. வெயில் அப்படி, சேலத்தில் யாருக்குத்தான் தாகம் இல்லை என்று முதலில் விட்டாள். ஆனால் சொம்பு சொம்பாகக் குடித்தும் நாக்கு ஒட்டியது. குடித்ததெல்லாம் பாத்ரூமுக்கு ஓட வைத்தது. வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டது. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. உடம்பை எங்காவது கிடத்தினால் போதும் என்றிருந்தது.

தௌசீப் இதைக் கேட்டுவிட்டு மலர்ந்த முகத்தோடு சொன்னான்: "உள்ள இருக்கற விசமெல்லாம் வெளிய போகுது கௌசி. அப்படித்தான் இருக்கும்."

"எந்த விசம்?"

"பொதுவாச் சொன்னேன்."

மாமியார் வேறு விதமாக யோசித்தார். அவள் வாந்தி எடுத்துவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, "நாள் எதுவும் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்ல மாமி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன மாமி இருக்கு?"

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைப் பார்த்து அர்த்தத்தோடு சிரித்தார்கள். ஒருத்தி மாங்காய் கொண்டுவந்து கொடுத்தாள். கௌசியா அந்த மாங்காயை அப்படியே ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு மூடினாள், யார் தலையையாவது உள்ளே அமுக்குவது போல.

அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. கணக்கு தப்ப ஆரம்பித்தது. துணியை விரித்து, சாக்பீசைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தெரியாமல் நின்றாள். ஒரு வாடிக்கையாளரின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. யாரோ தலைக்குள் பஞ்சை அடைத்துவிட்டது போல இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் யுவஸ்ரீ என்ற கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் பட்டு ஜாக்கெட்டை வெட்டினாள். அரக்கு நிறம், புடவையோடு சேர்த்து நெய்த துணி. இன்னொரு முழம் எங்கேயும் கிடைக்காது. வெட்டி முடித்துக் கையில் எடுத்தபோது, இரண்டு கையும் வலது கையாகவே இருந்தன. ஜரிகை பார்டர் ஒன்றில் மேலே போயிருந்தது.

பதினாறு வயதிலிருந்து துணி வெட்டுகிறாள். இப்படி ஒருநாளும் வெட்டியதில்லை. அந்தத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து கீழே போகலாம் என்று படியில் கால் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவளுக்கு நினைவு வந்தபோது அஸ்தம்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள், கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

ரத்தத்தில் கால்சியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. கிட்னி தடுமாறிக்கொண்டிருந்தது. எதனால் என்று தேடியதில் வைட்டமின் டி அளவு வந்தது. மெஷின் காட்டக்கூடிய எல்லையையே தாண்டியிருந்தது. அதே ஆஸ்பத்திரியில் மாலை நேரம் நோயாளிகளைப் பார்க்கும் மலர்விழிக்குத் தகவல் போனது. அவர் வேகமாக வந்தார். கட்டிலின் ஒரு பக்கம் தௌசீப், மறுபக்கம் வஹீதுன்னிசா.

"கௌசியா, நான் எழுதினது எவ்வளவு?"

"வாரத்துக்கு ஒண்ணு டாக்டர்."

"நீங்க சாப்பிட்டது எவ்வளவு?"

"வாரத்துக்கு ஒண்ணு."

"எங்கிட்ட மறைக்காதீங்க. சீக்கிரம் குணமாகணும்னு நிறையப் பேர் கூடுதலாச் சாப்பிடறாங்க. நான் திட்ட மாட்டேன். உண்மையச் சொன்னாத்தான் வைத்தியம் பண்ண முடியும்."

கௌசியாவுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. "அல்லா மேல ஆணையாச் சொல்றேன் டாக்டர். எட்டு பாக்கெட். அதுக்கு மேல ஒண்ணுகூட என் வாய்ல போகல. நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன். ஊரே ஆயிரம் சொல்லுச்சு, நான் உங்க பேச்சை மட்டுந்தான் கேட்டேன்."

"அப்படின்னா இந்த அளவு வர வாய்ப்பே இல்லம்மா."

"அப்ப நான் பொய் சொல்றேங்கறீங்களா?"

தௌசீப் கட்டில் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"டாக்டர்..." என்றான். "அந்த ஜூஸ்ல..."

"எந்த ஜூஸ்ல?"

"காலைல சாத்துக்குடி ஜூஸ் குடுப்பேன். இந்த வைட்டமின் டி சின்னக் குப்பில வருதுல்ல, அதை... ஒண்ணு அதுல ஊத்திருவேன்."

"வாரத்துக்கு ஒண்ணா?"

"தினம்."

கௌசியா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அவள் வாய் திறக்குமுன் மறுபக்கமிருந்து வஹீதுன்னிசாவின் குரல் வந்தது.

"அடப்பாவி, நீயுமா?"

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். தௌசீப்தான் முதலில் புரிந்துகொண்டான். "அம்மா, 'நீயுமா'ன்னா என்ன அர்த்தம்?"

வஹீதுன்னிசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு அதை எடுக்காமலே, "பால்ல" என்றார்.

மெடிக்கலில் சீட்டு கேட்கவில்லையாம். மருமகள் குடிக்கும் பாக்கெட்டின் உறையைக் காட்டினாராம், கொடுத்துவிட்டார்களாம். ராத்திரி ஒன்று, பாலில் கலந்து. மகனுக்குக்கூடத் தெரியாது. மகன் செய்வது அவருக்கும் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள்.

மலர்விழி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இது தண்ணியில கரைஞ்சு வெளிய போற சத்து இல்ல. உடம்புக் கொழுப்புல போய் உக்காந்துக்கும். ஒரு வருசத்துக்குக் குடுக்க வேண்டியதை விட அதிகமா ரெண்டே மாசத்துல குடுத்திருக்கீங்க. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கிட்னி நிரந்தரமாக் கெட்டிருக்கும். நல்லது பண்றதா நினைச்சு..." முடிக்காமல் நர்சிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார். போகுமுன் கௌசியாவின் தோளைத் தொட்டு, "சாரிம்மா. உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார்.

கத்துவதற்கு கௌசியாவின் உடம்பில் தெம்பு இல்லை. இருந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி தாங்கியிருக்காது.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாங்க?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிருப்ப" என்றான் தௌசீப்.

"அதுக்குத்தாங்க கேக்கறது."

அவன் கை மறுபடி கட்டில் கம்பிக்குப் போனது.

"என் உடம்பு. என் வாய். என் தொண்டைல இறங்கறது என்னன்னு எனக்குத் தெரியக்கூடாதா? அந்தப் பட்டு ஜாக்கெட்டை நான் கெடுத்தேன்னு நினைச்சேன். பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பயந்தேன். நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தீங்க. விசம் வெளிய போகுதுன்னு சொன்னீங்களே, உள்ள ஊத்துனவர் நீங்கதானே? கடைக்குப் போங்க. உங்களைப் பாக்க முடியல."

அவன் போனான். போகும்போது தலையைத் தூக்கவே இல்லை.

வஹீதுன்னிசா போகவில்லை. மறுநாள் மத்தியானம்வரை கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தார். சலைன் பாட்டில் மாற்றிவிட்டு நர்ஸ் போன பிறகு, மாமியார் தானாகவே ஆரம்பித்தார்.

"ஆத்தூர்லருந்து சாதியாவைப் பாக்க வர்றோம்னு சொல்லி அனுப்பிருந்தாங்க."

"தெரியும்."

"உன் கையைப் பாத்துட்டு, குடும்பத்துல இருக்கற வியாதின்னு நினைச்சுட்டுப் போயிருவாங்களோன்னு பயந்துட்டேன்."

கௌசியா மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்ன பெருமை ஞாபகம் வந்து உடம்பு கூசியது. "அப்ப அது எனக்குன்னு ஆத்துன பால் இல்ல."

"மொதல்ல இல்லதாம்மா. பொய் சொல்ல மாட்டேன்." கிழவி மூக்கை உறிஞ்சினார். "அப்பறம் உன் விரல் கொஞ்சம் ஆறிக்கிட்டு வந்துச்சு பாரு. அன்னிக்கு அடுப்படில நின்னு அழுதேன். அந்த அழுகை சாதியாவுக்காக இல்ல. பாலைக் குடிச்சுட்டு நீ என்னையப் பாத்துச் சிரிப்பியே... அதுக்காகவே படியேறி வந்த நாளும் உண்டு."

"விரல் ஆறுனது ஆயின்ட்மென்ட்ல மாமி. காலையும் ராத்திரியும் நானே பூசுனது."

"சரிம்மா."

"உங்க பால்ல இல்ல."

"சரி."

மன்னித்துவிட்டேன் என்று கௌசியா சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கை நீட்டினாள். மாமியார் சீல் பிரிக்காத பாட்டிலை அவள் கண் முன்னாலேயே திருகித் திறந்து கொடுத்தார்.

கால்சியம் இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பாலும் தயிரும் கூடாது, நிறையத் தண்ணீர், கொஞ்ச நாள் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. வீட்டுக்கு வந்ததும் கௌசியா முதலில் யுவஸ்ரீயின் வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொல்லி, புடவையின் உட்பக்கத் தலைப்பிலிருந்து கொஞ்சம் வெட்டிக் கை வைத்துத் தரட்டுமா என்று கேட்டாள். பெண்ணின் அம்மா முகம் சுளித்தார். யுவஸ்ரீ சரி என்றாள். ஜாக்கெட் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தது.

ஆத்தூர்க்காரர்கள் வைகாசியில் வந்தார்கள். முழுக்கை உடுப்பு போட்டுக்கொள் என்று யாராவது சொல்வார்கள் என்று கௌசியா காத்திருந்தாள், பதிலும் தயாராக வைத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. முழங்கைவரை கை வைத்த சுடிதாரிலேயே டீ தட்டை எடுத்துப் போனாள். மாப்பிள்ளையின் பெரியம்மா கோப்பைக்கு நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார்.

"கையில என்னங்க அது?"

கௌசியா வாய் திறக்குமுன் வஹீதுன்னிசா பதில் சொன்னார். "சொரியாசிஸ். தொத்தாது. டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காங்க. டீ எடுத்துக்குங்க, ஆறிரும்."

"எங்க ஊர்ல ஒருத்தருக்கு இப்படித்தான் இருந்துச்சு. தினமும் வேப்பங்கொழுந்தை..."

"எடுத்துக்குங்கம்மா, டீ" என்றார் வஹீதுன்னிசா, இரண்டாவது தடவை, கொஞ்சம் அழுத்தமாக.

பெரியம்மா எடுத்துக்கொண்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. பையனுக்கு வெளிநாட்டில் விசா தள்ளிப்போகிறது என்று காரணம் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். சாதியா ஒரு நாள் அழுதாள். மறுநாளே ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். கௌசியாவின் கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் வேறு யாரும் சொல்லவில்லை.

இப்போது வாரத்தில் சில நாள் கௌசியா அஸ்தம்பட்டிக்குப் போய் ஒளிச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறாள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, நீலக் குழல் விளக்குகளுக்கு நடுவே நிற்க வேண்டும். கால்களில் திட்டுகள் மங்கிவிட்டன. முழங்கை இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது. முழுக்கப் போகாது, போய்ப் போய் வரும், ஆனால் கட்டுக்குள் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது அவளுக்குப் போதும். சிகிச்சை முடிந்து வெளியே வந்தால் தௌசீப் ஸ்கூட்டரில் காத்திருப்பான். அழைத்துப் போகட்டுமா என்று முதலில் அனுமதி கேட்டுவிட்டுத்தான் வந்தான்.

அன்றும் அப்படி வெளியே வந்தபோது அவன் கையில் கைபேசி இருந்தது. அவள் வருவதைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கௌசி, ஒண்ணு கேக்கலாமா?"

"வேண்டாம்."

"இன்னும் நான் சொல்லவே ஆரம்பிக்கலையே."

"வேண்டாங்க."

"மஞ்சள் பத்தித்தான். இயற்கையானதுதான..."

அவள் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டி, பட்டையை இழுத்துப் பூட்டினாள். அவன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வண்டியை உதைத்தான். ஏற்காடு ரோட்டில் பஸ் ஹாரன் காதைக் கிழித்தது. அவன் தோளுக்கு மேலே மறுபடி மஞ்சள் என்று எதையோ சொன்னான். அவளுக்குக் கேட்டது. கேட்காத மாதிரியே உட்கார்ந்து வந்தாள்.